மகள் பெயரில் பதினாலாம் லெவல்

வீட்டில் நான் அடிக்கடி சொல்லிச் சிரிக்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "நமக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது." நாலு புத்தகம் படித்தவன் அப்படிச் சொன்னால் அதில் ஒரு கௌரவம் இருப்பதாக நினைப்பு. போன வருடம் ஒருநாள், ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகளிடம் ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டேன். அவள் என்னுடைய அதே இழுவையோடு, "நமக்குக் கணக்கு வராது நைனா" என்றாள். தோளைக்கூட என்னைப் போலவே குலுக்கினாள். வகுப்பிலும் இதையே சொல்கிறாள் என்று அவளுடைய டீச்சர் சொல்லியனுப்பினார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். ஊர்க்கதை பேசிக்கொண்டே இழை எண்ணுகிற வீட்டில் வளர்ந்தவள்.

"இவளுக்கா வராது?" என்றாள். "போன மாசம் வேண்டுதலுக்கு மலைப்படிக்கு மஞ்ச குங்குமம் வெச்சுகினு போனோமே, அப்போ பின்னாடியே எண்ணிகினு வந்தா. பேச்சுல நான் எண்ணிக்கைய வுட்டுட்டேன். எவ்ளோடி ஆச்சுன்னா, டக்குனு நூத்தி முப்பத்தொண்ணுன்றா."

"அது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த மலைக்கு மொத்தம் முந்நூத்தி அறுவத்தஞ்சு படி. மேல போயி அதுல கரெக்டா நின்னாளே! உங்களுக்குத்தாங்க வராது."

எண்ணுவது வேறு, கணிதம் வேறு என்று நான் விளக்கினேன். எனக்கு எது வராதோ அதை விளக்குவதில் நான் தேர்ந்தவன். நவீன வழிதான் சரி என்று முடிவு செய்து, செல்போனில் குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டு தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஒரு கரடி. சரியான விடைக்குக் கைதட்டியது. தவறான விடைக்கும் அதே உற்சாகத்தோடு கைதட்டியது. எனக்கு அப்படிப்பட்ட நண்பர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அடுத்தது ராக்கெட். நாலு விடையையும் வரிசையாகத் தட்டினால் ஒன்று சரியாகிவிடும் என்பதை மகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து, கணக்கையே பார்க்காமல் செவ்வாய் கிரகம்வரை போய் வந்தாள். மூன்றாவதில் ஒரு கடிகாரம் டிக் டிக் என்று துரத்தியது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாலாவது, ஆந்தை. நிதானமான பிறவி. அவசரப்படுத்தாது. தப்பாகச் சொன்னால் எண்ணிப் பார்க்க மணிகளை வரைந்து காட்டும். ஆடுகிறவரின் திறமையை அறிந்து, கணக்கைத் தானே கடினமாக்கிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. இதை நான் படித்தேன். படித்தும் புரிந்துகொள்ளாத வாக்கியங்கள் என் வாழ்க்கையில் நிறைய.

பரிசோதிக்காமல் குழந்தையிடம் கொடுக்கலாமா? மகளின் பெயரையும் வயதையும் பதிந்து, திருவள்ளூரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகிற ஏழு மணி ரயிலில் பரிசோதனையைத் தொடங்கினேன். அரக்கோணத்தில் ஆந்தை எனக்கு ஒரு தொப்பி கொடுத்தது. மணவூரில் ஒரு சால்வை. இத்தனை வருட எழுத்துக்கு யாரும் போர்த்தாத சால்வை. மறுநாள் நானே ஏழு மணி எப்போது ஆகும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து சீட்காரர் பொறுமை இழந்தார். "சார், எட்டேழு அம்பத்தாறு! தட்டுங்க சார், ஆந்த பாத்துகினே கீது."

"கொழந்தைக்காக டெஸ்ட் பண்றேங்க."

"ஆங், ஆங். எங்க வூட்லயும் பசங்களுக்கு ஸ்வீட்ட நான் டெஸ்ட் பண்ணித்தான் குடுப்பேன்."

நாலு நாளில் பதினாலாம் லெவல். ஞாயிற்றுக்கிழமை காலை, விழா நாயகன்போல ஆந்தையை மகள் கையில் ஒப்படைத்தேன். தொண்ணூற்றாறை எட்டால் வகுக்கச் சொன்னது ஆந்தை. அவள் ஏதோ ஒன்றைத் தட்டினாள். தப்பு. உடனே ஆந்தை அன்போடு தொண்ணூற்றாறு மணிகளை வரைந்து காட்டியது. முப்பதுவரை எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா நைனா, வரல."

இந்த முறை இழுவை இல்லை, தோள்குலுக்கல் இல்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னாள். அதன்பிறகு மூன்று நாள் கணக்கு நோட்டைத் தொடவில்லை. நான் அந்த ஆந்தையைக் கிழித்து மனத்துக்குள் ஒரு நீண்ட விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை மனைவியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆந்தை பெற்றோர் எண் கேட்டபோது அவளுடையதைக் கொடுத்திருந்தேன். சத்தமாகவே படித்தாள்: "'போன வாரம் உங்கள் குழந்தை பதினாலு லெவல் முன்னேறியுள்ளது. காலை ஏழு முதல் எட்டு வரை மிக ஆர்வமாக ஆடுகிறது.' ஏங்க, ஏழு மணிக்கு இவ தூங்கிகினு இருப்பா. அந்த ஆர்வமான கொழந்த யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. அது மூணு நாளா தன்ன மக்குன்னு நெனச்சிகினு கீது."

போனேன். "நைனாதாம்மா ஆடினேன். அது என்னை நீன்னு நெனச்சிடுச்சு."

அவள் யோசித்தாள். "அப்போ அந்தக் கஷ்டமான கணக்கு யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கு வந்துச்சா?"

சிக்கலான கேள்வி. "வந்துச்சு," என்றேன்.

"அப்போ ஏன் வராது, வராதுன்னே?"

"சும்மா சொன்னேன்மா."

"நானும் சும்மாதான் சொன்னேன்," என்றாள், சட்டென்று.

அம்மாவை உட்கார வைத்துப் பழைய ஆந்தையை அழித்தாள். இரண்டு புது ஆந்தைகள் பிறந்தன. அவளுடையதற்கு வயது ஆறு. என்னுடையதற்கு எவ்வளவு போடுவது என்று அம்மா கேட்டபோது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, ஆந்தை வரைந்த ஏழு மணிகளையும் ஐந்து மணிகளையும் எண்ணிப் பன்னிரண்டைத் தட்டினாள். தொப்பி வந்தது. என்னிடம் காட்டவில்லை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ரயிலில் என் ஆந்தை மூன்று மாம்பழங்களைக் காட்டி எத்தனை என்று கேட்டது. பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஃபெயில் பண்ட்டாங்களா?"

"ஆங்," என்றேன்.