வினிகர் சாசேஜுக்கு ஒயின் கிடையாது

காலிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் ஓட்டிலியா முகர்ந்து பார்ப்பாள். சோப்பு வாடை இருந்தால் கொஞ்சம் ஒயின் விட்டுச் சுழற்றி, ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடுவாள். பிறகுதான் வந்தவர் முகத்தைப் பார்ப்பாள். "முதல்ல என்ன சாப்பிடப் போறீங்கன்னு சொல்லுங்க. குடிக்கிறதை நான் பாத்துக்கறேன்."

வாசலில் துடைப்பம் தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடை என்பது அவள் வீட்டுக் கூடம்தான். புருஷன் போன பிறகு சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டு மேசைகளைப் போட்டாள். ஊற்றுவது ஜெர்மனியில் எங்கள் மைன் நதிச் சரிவில் தானே விளைவித்த சில்வானர். இனிப்பு அறவே இல்லாத வெள்ளை ஒயின். "இனிப்பு வேணும்னா கேக் கடைக்குப் போங்க" என்று வெளியூர்க்காரர்களிடம் முகத்துக்கு நேரே சொல்வாள். அப்படியும் கூட்டம் குறையவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். எனக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

வசந்தம் முழுக்க அஸ்பாரகஸ். வெள்ளைத் தண்டுகளைத் தோல் சீவி வேகவைத்து, வெண்ணெயை உருக்கி ஊற்றி, உருளைக்கிழங்கும் பன்றித் தொடைக்கறியும் வைத்துத் தருவாள். அந்தத் தண்டின் லேசான கசப்புக்குச் சில்வானர் பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தாது. வறுத்த ஆற்று மீனுக்கும் ஊற்றுவாள். ஆனால் வெங்காயத்தோடு வினிகரில் வெந்த சாசேஜ் கேட்டால் தண்ணீர்தான் வரும். ஊர் முழுக்க அதற்குச் சில்வானர்தான் குடிக்கிறது. "ஊர் குடிக்கட்டும். வினிகர் பட்டா என் ஒயின் செத்துப்போகும்."

கிலியானுக்கு அந்தச் சாசேஜைத் தவிர எதுவும் இறங்காது. ஓட்டிலியா, அவன், நான் மூவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. கிலியான் ஆற்றில் படகு விட்டு ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். கடை திறந்த காலத்திலிருந்து மூலை மேசை அவனுடையது.

"அஸ்பாரகஸ் சாப்பிடேண்டா, ஒயின் தர்றேன்."

"அதை முயலுக்குப் போடு. சாசேஜும் கால் லிட்டர் ஒயினும் கொண்டா."

"தண்ணி கொண்டாறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் ஒயினை அவன் வாயில் வைத்ததே இல்லை.

இந்த வசந்தத்தில் ஹாம்பர்க்கிலிருந்து அவன் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிவிட்டாள். ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளோடு அஸ்பாரகஸ் முடியும், ஓட்டிலியா துடைப்பத்தை இறக்குவாள், மறுநாள் அவன் ரயிலேற வேண்டும். கேள்விப்பட்டதும் ஓட்டிலியா "போகட்டும், ஒரு மேசை மிச்சம்" என்றாள். அன்று எனக்கு வந்த மீன் கருகியிருந்தது. அவள் கையால் கருகிய மீனை நான் அதற்குமுன் தின்றதில்லை.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன்.

"நான் யாரு அவனுக்கு, சொல்றதுக்கு?"

கடைசி நாள் கிலியான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. "அஸ்பாரகஸ் கொண்டா. உன் ஒயினைக் குடிக்காமலே போயிட்டான்னு யாரும் சொல்லக் கூடாது" என்றான்.

அவள் உள்ளே போனாள். கொண்டுவந்து வைத்த தட்டில் வினிகரும் வெங்காயமுமாக வெந்த சாசேஜிலிருந்து ஆவி பறந்தது.

"அஸ்பாரகஸ்தானே கேட்டேன்?"

"உனக்குப் பிடிக்காது."

ஒரு கோப்பையை எடுத்து முகர்ந்து, சில்வானரைத் தளும்ப ஊற்றி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கிலியான் ஒரு துண்டு தின்று, ஒரு வாய் குடித்தான்.

"செத்துப்போச்சா?"

"உயிரோடதான் இருக்கு" என்றான்.

துடைப்பம் தொங்கும் நேரத்தில் ஓட்டிலியா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை நீட்டி அவன் தொப்பியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் முள்கரண்டியை வாங்கி அந்தச் சாசேஜில் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டு, அவன் கோப்பையிலிருந்தே ஒரு மடக்குக் குடித்தாள்.