திம்மப்பனின் வேண்டுதல்

பேரிகை ஏரியில் தண்ணீர் நிற்காத வருஷங்களே அதிகம். காய்ந்த அந்த ஏரிக்குள்தான் ஊர் ஆட்கள் பந்து ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திம்மப்பன் சைக்கிளில் ஒரு மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவான். கருங்கல் பாலிஷ் போடும் பட்டறையில் அவனுக்கு வேலை. கல்லை அறுக்கையில் படிகிற சேறு காய்ந்தால் வெளுத்த தூளாகும். முதலாளிக்கு அது குப்பை, திம்மப்பனுக்குக் கோலமாவு. குனிந்து குனிந்து மைதானம் முழுக்கக் கோடு போடுவான். அவன் நிமிர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். பந்தை உதைக்கத் தெரியாத மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உதைக்கத் தெரிந்தவனுக்கு விளங்காது.

மாவட்ட லீக்கில் பேரிகை அணி வெகுகாலமாக இரண்டாம் டிவிஷன்தான். அந்த வருஷம் என்னவோ ஜெயித்துக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் திம்மப்பன் மாரியம்மன் எதிரில் நின்று வாய்விட்டுச் சொன்னான்: அணி முதல் டிவிஷனுக்குப் போனால் மொட்டை போடுகிறேன் தாயே.

பக்கத்தில் நின்ற மனைவி சென்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இருக்கற எடத்துல என்னா கொறை வந்துச்சு மாமா? மேல போனா அங்க யாரு ஆடுவாங்க, நம்ம செல்வமா?"

செல்வம் அவளுடைய அண்ணன் மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, இங்கே கோல் காக்கிறவன்.

"பின்ன, கோல்ல நிக்கறதுக்கு பெங்களூருல இருந்தா ஆளு வருவான்?"

"வருவான். பாத்துக்கினே இருங்க."

"உன் வாயில நல்லதே வராதாடி. கூலிக்காரன் புள்ளைங்க என்னிக்கும் கீழயே கெடக்கணுமா?"

அந்தக் கேள்வியில் ஞாயம் இருந்தது. ஆனாலும் அவன் கேட்ட வரம் தப்பு வரம்தான், யார் வந்து வாதாடினாலும்.

செல்வம் பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். பேரிகை ஜெயித்தது. பட்டாசுப் புகையில் திம்மப்பன் கோட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதான்.

அப்புறம்தான் சேதி வந்தது. முதல் டிவிஷன் ஆட்டங்கள் புல்தரையும் வேலியும் உள்ள மைதானத்தில்தான் நடக்கும், அதாவது ஓசூரில். வேலை நாட்களிலும் ஆட்டம் உண்டு. செலவை ஒரு கம்பெனிக்காரர் ஏற்றார், சட்டையில் அவர் கம்பெனியின் பெயர் ஏறியது. செல்வம் இரண்டு தடவை லீவு கேட்டான். மூன்றாம் தடவை சூப்பர்வைசர், "பந்தா, வேலையா?" என்றார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அவன் இடத்துக்குப் பெங்களூரிலிருந்து ஒருவன் வந்தான். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் அப்படியே வந்தார்கள். 'அப்பவே சொன்னேனே' என்று சென்னம்மா குத்திக்காட்டியிருந்தால் திம்மப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு நாள் அவனும் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினான். பழக்கதோஷம், மூட்டையும் கூடவே போனது.

"மூட்டையில என்னா?" என்றான் கேட்டில் நின்ற வாட்ச்மேன்.

"கோடு போடற மாவு."

"அதெல்லாம் காலையிலயே மெஷினு போட்ருச்சு. வெளிய வச்சுட்டு டிக்கெட்டு வாங்கிக்கினு வா பெரியவரே."

உள்ளே ஆடிய பதினோரு பேரில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. "பேரிகை!" என்று கத்திப் பார்த்தான். "அது எங்க இருக்குது?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர். அன்றைக்கு ஆறு கோல் வாங்கினார்கள். அவனுக்கு வயிறு எரியவில்லை. எரியாததைக் கண்டு அவனே பயந்துபோனான். மூட்டையை அந்தக் கேட்டருகிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினான்.

மொட்டையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். ஆடி பிறந்ததும் சென்னம்மா ஆரம்பித்தாள்.

"போய் முடிய குடுத்துட்டு வாங்க."

"நான் கேட்டது இது இல்ல சென்னா."

"இதத்தான் கேட்டீங்க. பக்கத்துல நான்தான நின்னேன். அம்மா ஏமாத்தல."

கோயிலுக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போக வேண்டும். ஏரிக்குள் டிராக்டர்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தன. கோல்கம்பம் நின்ற இடம் பள்ளமாகிவிட்டது. திம்மப்பன் நிற்காமல் நடந்தான்.

முடி எடுக்கிற கோவிந்தன் அவன் தலையில் தண்ணீர் தெளித்தான். "என்னா வேண்டுதல்ணா?"

"ஒரு காரியம் கேட்டிருந்தேன்."

"நடந்துச்சா?"

"நடந்துருச்சு" என்று சொல்லிவிட்டுத் திம்மப்பன் குனிந்தான். அப்படிக் குனிந்து ரொம்ப நாளாகியிருந்தது.