குறை சொல்ல ஆளில்லாத மன்றம்

எங்கள் வீடியோ மன்றத்தைக் கொன்றது நீங்கள்தான், அண்ணா. காலம் மாறிவிட்டது, ஆட்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள் என்று தளத்தின் முகப்பில் அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். பொய். நான் அங்கேயேதான் இருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், நாகர்கோவிலில் உங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அந்தத் தளத்தைத் தொடங்கினீர்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் தாங்கள் எடுத்த வீடியோவைப் போட்டுப் பேசிக்கொள்ள ஓர் இடம். நான் கருங்கலில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவதை நாள் முழுக்கப் பார்த்துச் சலித்தவள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவேன்.

மன்றத்தில் ஒரே விதி. உன் வீடியோவைப் போடும் முன் இன்னொருவருடையதை முழுதாகப் பார்த்து, ஒரு குறையாவது எழுத வேண்டும். அதைப் போட்டதும் நீங்கள்தான். வெளியாட்களுக்கு இது வம்பாகத் தெரியலாம். எங்களுக்கு அது இல்லாமல் ஆகாது. கருங்கலில் அன்றிருந்த நெட்டில் எட்டு நிமிட வீடியோ ஏற ஒரு பகல் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஏறியதை ஓட்டிப் பார்க்கலாம் என்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விதிக்காக அடுத்தவருடையதைப் பார்க்கவே அரைநாள் போகும், அதனால் போட்டவர் யாரும் தன்னுடையதைத் திரும்பப் பார்ப்பதில்லை. வளைகுடாவில் இருப்பவர்கள்தான் முதலில் பார்த்து, சத்தம் இரைகிறது, படம் கோணல் என்று சொல்வார்கள். நாங்கள் திருத்திப் போடுவோம்.

எனக்கு அப்படிச் சொன்னவள் ஒரு தேங்காய்ப்பட்டணத்துக்காரி. குவைத்தில் நர்ஸ். நேரில் பார்த்ததில்லை. போனில் கூப்பிட்டுத் திட்டுவாள்.

“ஏட்டி, ஒனக்க கை என்ன காத்துல ஆடுத வாழையா? ஸ்டாண்டு ஒண்ணு வாங்கப்படாதா?”

“நீ வாங்கித் தாயேன், கல்ஃப்காரி.”

“வாங்கித் தந்தா பின்ன நான் எதைச் சொல்லிக் குறை எழுத?”

கோபம் வரும். அடுத்த ஞாயிறு கையை மதில்மேல் ஊன்றித்தான் எடுப்பேன்.

பிறகு நாகர்கோவில்காரர் ஒருவர் சேர்ந்தார். பெரிய கேமரா, கூலிங்கிளாஸ். அவர் வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள், உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறை தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, “இதுதான் எங்க ஊரு நெய்மீன்” என்றார். குவைத்துக்காரி கீழே எழுதினாள்: “மக்கா, அது சூரை. எங்க ஊர்ல பூனையிட்ட கேட்டாலும் சொல்லும்.” எல்லோரும் சிரித்தோம். அவர் முறைத்துக்கொண்டார். நீங்கள் அவள் எழுதியதை அழித்தீர்கள். மறுவாரம் விதியையே எடுத்துவிட்டு, இனி ஊக்கம் மட்டும் கொடுப்போம் என்று அறிவித்தீர்கள்.

“பூனைக்குத் தெரிஞ்சது ஒனக்க அண்ணனுக்குத் தெரியலியே,” என்றாள் அவள். “நான் போறேன் மக்கா.”

போய்விட்டாள். நான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் கூலிங்கிளாஸ்காரர் என் வீடியோவையும் நாலு பேருக்குச் சொல்வார் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் கேவலம்.

அதற்குப் பிறகு எல்லா வீடியோவுக்கும் கீழே “அருமை” என்ற ஒரே சொல். அதை எழுத வீடியோவைத் திறக்கக்கூட வேண்டாம். போட்டவரும் பார்க்கவில்லை, வாழ்த்தியவரும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் ஒரு கேபிள் டிவியில் எடிட்டர் வேலைக்கு ஆள் தேடினார்கள். கல்யாணப் பந்தியிலிருந்து நான் தப்பிக்க இருந்த ஒரே வழி. செய்த வேலைக்கு லிங்க் அனுப்பச் சொன்னார்கள். கருங்கல் சந்தையை ஒரு மாதம் எடுத்து, எட்டு நிமிடமாக்கி, மன்றத்தில் ஏற்றினேன். பதினொரு பேர் அருமை என்றார்கள். நீங்கள் “ஒளிப்பதிவு பிரமாதம் தங்கச்சி” என்று எழுதினீர்கள். அந்தத் தைரியத்தில் லிங்கை அனுப்பினேன்.

நாலாம் நாள் போன் வந்தது.

“ஏம்மா, சத்தம் மட்டும் கேக்கு. படம் எங்க?”

கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைத் திறந்து பார்த்தேன். நெட்டுக்காக வீடியோவைச் சிறிதாக்கும் முன் சத்தத்தைச் சரிபார்க்கப் படத்தை அணைத்திருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். எட்டு நிமிடமும் கறுப்பு.

“இப்பவே சரியாக்கி அனுப்புறேன் சார்.”

“வேற ஆளு எடுத்தாச்சும்மா. அனுப்புறதுக்கு முன்ன யாரிட்டயாவது காட்டப்படாதா?”

பதினொரு பேரிடம் காட்டியிருந்தேன், அண்ணா. உங்களோடு பன்னிரண்டு.

தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் விதி இருந்திருந்தால் குவைத்திலிருந்து அரைமணி நேரத்தில் திட்டு வந்திருக்கும். வளைகுடாக்காரர்கள் ஒவ்வொருவராக மன்றத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். பிறகு கருங்கல், குளச்சல் ஆட்கள். கடைசியில் அந்தக் கூலிங்கிளாஸ்காரரும் தனியாகக் கடை போட்டுக்கொண்டு போனார். இப்போது மாதக்கணக்கில் ஒரே வீடியோ முகப்பில் கிடக்கிறது. நானோ இன்னும் பந்தியை எடிட் செய்கிறேன். நடுநடுவே மன்றத்தின் பக்கத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன், பத்து நிமிடத்தில் மறுபடி திறக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் இதையெல்லாம் உங்கள் முகப்பு அறிவிப்புக்குக் கீழே சுருக்கமாக எழுதினேன். அதையும் அழித்துவிட்டு, “போன்ல பேசலாம் தங்கச்சி” என்று தனியாகச் செய்தி அனுப்பினீர்கள். போனில் பேச மாட்டேன். நேரிலும் வர மாட்டேன். என் வீடியோவை ஒரு நொடியாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒளிப்பதிவு பிரமாதம் என்று எழுதினீர்களா? மிச்சமிருக்கும் நாலு பேரும் படிக்கிற மாதிரி, முகப்பில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.