எட்டாம் இலக்க ஆட்டக்காரரைக் கைமாற்றிய மனேஜர்

வெஸ்ட் ஈலிங்கில் வசிக்கும் பாலேந்திராவுக்கு ஐம்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்து கொடுக்கும் ஒரு கம்பனியில், சம்பளப் பிரிவில், நெடுங்காலமாக வேலை. அவருக்கு மேலே மனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். சிலருக்கு அவரே வேலை பழக்கி மேலே அனுப்பிவைத்தார். அந்த நாற்காலி மட்டும் அவர் பக்கம் திரும்பவேயில்லை. இதற்காக அவர் வருந்தினார் என்று எழுதினால் அது வரலாற்றைத் திரிப்பதாகும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனேஜர்.

புளியந்துறை ஐக்கிய விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளைக்கு, கிரிக்கெட் மனேஜர். சவுத்தாலுக்குப் பக்கத்து மைதானத்தில் கோடை முழுவதும் நடக்கும் ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில், பதினொரு பேரும் அவரை “மனேஜர் அண்ணை” என்றுதான் கூப்பிடுவார்கள். வீதியில் கண்டாலும் அப்படித்தான். ஒருமுறை அவருடைய கம்பனி மனேஜருக்கு முன்னாலேயே ஒரு பெடியன் அப்படிக் கூப்பிட்டுவிட்டான். அந்த நாளைப் பாலேந்திரா இன்னமும் மெல்ல மென்று அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பட்டத்துக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது. இவர் காலத்தில் புளியந்துறை ஒருமுறைகூட அரையிறுதியை எட்டிப் பார்த்ததில்லை. மாசி மாதப் பொதுக்கூட்டத்தில், முப்பது வயதுத் தொடக்க ஆட்டக்காரன் யனுஷன் எழுந்து நின்றான்.

“அண்ணை, மனசில வைக்காதேங்கோ. இந்த முறையும் செமிக்குப் போகேல்லை எண்டால் மனேஜர் வேலையை நான் எடுக்கிறன்.”

கைதட்டினார்கள். பாலேந்திராவும் தட்டினார். ஜனநாயகம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனி மாதம் ரொறன்ரோவில் தங்கையின் மகளுக்குக் கலியாணம். அங்கே மைத்துனர் எந்நேரமும் தொலைக்காட்சியில் பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் எறிகிறான், மற்றவன் அடிக்காமல் விடுகிறான், எல்லோரும் துப்புகிறார்கள். பாலேந்திராவுக்கு முதல் இரண்டு நாளும் நித்திரைதான் வந்தது. மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்தபிறகு அதே தொலைக்காட்சியில் நாலு பேர் மேசையைச் சுற்றியிருந்து கதைத்ததைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடி மாதம் முடிவதற்குள், ஆட்டப் பருவத்தின் நட்டநடுவிலே, அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாமாம். தோற்கிற அணி தன் வயதான பந்தெறியாளரைக் கொடுத்து ஒரு இளசை வாங்கும். இதில் பாலேந்திராவின் நெஞ்சைத் தொட்டது வேறொரு விஷயம். ஒப்பந்தம் ஆளோடு சேர்ந்தே போகும். புது அணிக்கு அந்தச் சம்பளம் பாரமென்றால், ஆளைக் கொடுத்த அணியே பாதியைத் தொடர்ந்து கட்டும். அதாவது ஒருவன் உங்களுக்கு எதிராக விளையாடுவான், நீங்கள் அவனுக்குச் சம்பளம் கொடுப்பீர்கள்.

“இவ்வளவு காலமும் சம்பளச் சீட்டு அடிச்சிருக்கிறன். இப்பிடியொரு வடிவான விஷயத்தை நான் காணேல்லை” என்றார் மைத்துனரிடம்.

“ஆட்டம் விளங்கிச்சுதோ அத்தான்?”

“ஆட்டத்தை விடும்.”

லண்டனுக்குத் திரும்பியவர் நேரே காரியத்தில் இறங்கினார். புளியந்துறைக்கு நல்ல விக்கெட் காப்பாளர் இல்லை. தாழையம்பதி அணியில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவன் ஆட்டம் கிடைக்காமல் சும்மா வாங்கிலே இருந்தான். ஊர்க் கழகங்களில் இப்படி ஆள் மாற்றுவது யாரும் கேள்விப்படாத காரியம். அமெரிக்காவில் தோள் வலுவைப் பார்ப்பார்கள். இங்கே தாயின் ஊர், தகப்பனின் ஊர், மனைவியின் ஊர், அவசரத்துக்கு மாமனாரின் ஊர் என்று பார்ப்பார்கள். அந்தப் பெடியனுடைய தாய் புளியந்துறை. ஆக, பாத்தியதை சரி. பதிலுக்குக் கொடுக்க பாலேந்திராவிடம் ரவிச்சந்திரன் இருந்தார்.

ரவிச்சந்திரன் மலேசியாக்காரர். படிக்க வந்து, வங்கியொன்றில் கணினி வேலையில் அமர்ந்து, ஸ்ட்ரெதமில் வீடு வாங்கி, புளியந்துறைப் பெண்ணான ஜெயகௌரியைக் கட்டியதால் அணிக்குள் வந்தவர். எட்டாம் இலக்கத்தில் துடுப்பெடுத்தாடுவார். அதாவது, துடுப்பை எடுத்துக்கொண்டு போவார். ஆடுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். ஜெயகௌரியின் தகப்பன் பிறந்தது தாழையம்பதியில். அங்கேயும் பாத்தியதை சரி.

தாழையம்பதிக் கழகத்தின் செயலாளர் சபாநேசனை, சவுத்தாலில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தார். பேரம் இழுபடும் என்று பிற்பகல் முழுவதையும் ஒதுக்கி வைத்திருந்தார். தேநீர் ஆறுவதற்குள் சபாநேசன் கையை நீட்டிவிட்டார்.

“ரவியைத்தானே தாறியள்? ஓம். எடுங்கோ பெடியனை.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ. பிறகு கவலைப்படக் கூடாது” என்றார் பாலேந்திரா, பெருந்தன்மையோடு.

“எனக்கென்ன கவலை, மனேஜர்” என்று சபாநேசன் தேநீர்க் காசையும் தானே கொடுத்தார். உலகத்தில் யாராவது இப்படி ஏமாறுவார்களா என்று பாலேந்திரா வழி முழுவதும் சிரித்துக்கொண்டு வந்தார்.

ரவிச்சந்திரனுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் கோபிக்கவில்லை.

“என்னைக் கொடுத்துட்டீங்களா பாஸ்? ஆமா, போறேன் லா. அந்தப் பக்கம் எத்தனாவதா இறக்குவாங்க?”

“அதை அவையள்தான் தீர்மானிப்பினம், தம்பி.”

“சரி. வைஃப்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அடுத்த ஞாயிறு புதிய விக்கெட் காப்பாளர் ஒரு பந்தையும் தவறவிடவில்லை. எதிரணியை அற்ப ஓட்டங்களுக்குச் சுருட்டிவிட்டு, எல்லோரும் வழக்கம்போல் கார் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். அங்கேதான் நின்றுவிட்டார்கள். ஆறு கோடைகளாக அந்த இடத்தில் ஒரு நீலக் காரின் பின்கதவு திறந்திருக்கும். உள்ளே துணியால் மூடிய புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு வாளி சம்பல். ஜெயகௌரி அகப்பையோடு நிற்பார்.

கார் அங்கே இல்லை.

“அண்ணை, சாப்பாடு எங்க?” என்றான் யனுஷன்.

மைதானத்தின் அடுத்த கரையில் தாழையம்பதிக்காரர்கள் ஒரு நீலக் காரைச் சுற்றி நின்றார்கள். காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. சபாநேசன் தட்டை உயர்த்திக் கையசைத்தார்.

பாலேந்திரா ஓடிப்போய்க் கடையில் முட்டை சான்ட்விச் வாங்கி வந்தார். அதைத் தின்றபிறகு புளியந்துறை அடித்த அடியைப் பற்றி எழுதாமல் விடுவதே அவர்களுக்குச் செய்கிற மரியாதை. அடுத்த ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள். ஒருவனுக்கு முதுகு, ஒருவனுக்கு மாமியார், மற்ற இருவரும் காரணம் சொல்வதற்கும் உடம்பில் தெம்பில்லை என்றார்கள்.

“ஒரு மூண்டு ஞாயிறு நீர் சமைச்சுத் தந்தால்…” என்று பாலேந்திரா வீட்டில் தொடங்கினார்.

மனைவி அருள்நாயகி முடிக்க விடவில்லை. “கழகத்துக்குச் சமைக்க மாட்டன் எண்டு கலியாணத்துக்கு முதலே சொன்னனான். நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினனீங்கள். ஆளைக் குடுக்கேக்கை அவளை ஒரு சொல் கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. ஒப்பந்தம் ஆளோடு சேர்ந்து போகும் என்று ரொறன்ரோவில் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்ட மனிதர், அந்த ஒப்பந்தத்தில் யார் யாருடைய கை இருக்கிறதென்று பார்க்கவில்லை. எட்டாம் இலக்க ஆட்டக்காரரை அவர் கொடுத்தார். சபாநேசன் வாங்கியது புட்டை.

ஸ்ட்ரெதமுக்குப் போனார். கதவைத் திறந்த ஜெயகௌரி அவரை இருக்கச் சொல்லவில்லை. ஆனால் தேத்தண்ணி கொடுத்தார், பாலேந்திரா நின்றபடி குடித்தார்.

“பிள்ளை, ரவி அங்க விளையாடட்டும். சாப்பாடு எங்கட பக்கமும் பாதி வரட்டும். அமெரிக்காவில இதுதான் முறை.”

“அமெரிக்காவில அரைச் சட்டி சமைக்கிறவையோ? எனக்குத் தெரியாது. எங்கட மனுசனைக் கோழிக்குஞ்சு மாதிரித் தூக்கிக் குடுத்திட்டு, இப்ப சட்டியைக் கேக்க வந்திருக்கிறியள்.”

“பிழைதான்.”

“அவர் எங்க விளையாடுறாரோ அங்கதான் சட்டி. சரி, நான் பிறந்த ஊர் பட்டினி கிடக்கிறதையும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. ரெண்டு பக்கத்துக்கும் சமைக்கிறன். ஆனால் எனக்கு ரெண்டு கைதான் இருக்கு.”

“சொல்லும் பிள்ளை, கழகம் என்ன செய்ய வேணும்?”

“கழகத்தை எனக்குத் தெரியாது. மனேஜர் வரவேணும். காலமை வந்து தேங்காய் திருவுறது, வெங்காயம் உரிக்கிறது, புட்டுக்கு மா அவிக்கிறது. சட்டியளை ஏத்தி இறக்கிறது. பின்னேரம் கொண்டுவந்து கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போறது. காயாமல் வைக்கக் கூடாது.”

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து ஸ்ட்ரெதமுக்கு ஞாயிறு காலை வந்து, சட்டிகளோடு மறுபடி சவுத்தால் பக்கம் போய், பின்னேரம் திரும்ப ஸ்ட்ரெதம், பிறகு வீடு. லண்டனின் தென்சுற்று வீதியின் வாகன நெரிசலை அறிந்தவர்கள் இதை வாசித்ததும் ஒரு கணம் கண்ணை மூடுவார்கள். பாலேந்திரா ஓம் என்றார்.

அந்தக் கோடையின் மிச்ச ஞாயிறுகளில் அவருடைய விரல் நுனிகளில் தேங்காய்த் துருவியின் கீறல்கள் இருந்தன. கண்கள் வெங்காயத்தால் சிவந்திருந்தன. ஆனால் அணி நிமிர்ந்தது. முதுகு சரியாயிற்று, மாமியார் ஊருக்குத் திரும்பினார். நாலு ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். கடைசி ஆட்டத்தையும் வென்றால் அரையிறுதி. கடைசி ஆட்டம் தாழையம்பதியோடு.

இரண்டு அணியும் ஒரே காரின் பின்னால் வரிசையில் நின்று, ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டன. பாலேந்திராதான் புட்டுப் போட்டார். ரவிச்சந்திரனின் முறை வந்தபோது, சம்பள நடைமுறைகளை மதிக்கிறவர் என்பதால், இறைச்சி இரண்டு துண்டு கூடுதலாகவே வைத்தார்.

“தேங்க்ஸ் பாஸ். இன்னும் ஒரு அகப்பை.”

அதையும் வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தாழையம்பதி ஆடியது. ஆறு விக்கெட் போய்விட்டது, வெற்றி இன்னும் தூரத்தில் இருந்தது. புளியந்துறைக்காரர்கள் அரையிறுதிக்கு எந்த நிறத் தொப்பி போடுவதென்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். எட்டாவதாக ரவிச்சந்திரன் இறங்கினார். ஆறு கோடைகளில் புளியந்துறைக்காக அவர் அடித்த மொத்த ஓட்டத்தைவிட அதிகமாக அன்று ஒரு பின்னேரத்தில் அடித்தார். கடைசிப் பந்து வேலிக்கு அப்பால், கார்களுக்கு நடுவே விழுந்தது.

“ஐயோ பாஸ், சாரி லா. எனக்கே தெரியாம அடிச்சுட்டேன்” என்றார், பாலேந்திராவைக் கட்டிப்பிடித்து.

“பரவாயில்லை தம்பி. சட்டிக்கு ஒண்டும் ஆகேல்லையே?”

அரையிறுதிக்குத் தாழையம்பதி போனது. புளியந்துறை, வாக்குப்படி, ஐப்பசியில் பொதுக்கூட்டத்தைக் கூட்டியது. பாலேந்திரா நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். தோற்றவன் கம்பீரமாகப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். பேசுவதற்கு நாலு வசனமும் பாடமாக்கி வைத்திருந்தார்.

யனுஷன் எழுந்தான். “அப்ப நான் எடுக்கிறன். சட்டதிட்டத்தில எல்லாம் ஓகே தானே?”

“ஒரு விஷயம்” என்றார் பின்வரிசையிலிருந்து ஜெயகௌரி. “நான் பேசினது மனேஜரோட. பாலேந்திரா அண்ணையோட இல்லை. ஆர் மனேஜரோ அவர் காலமை ஸ்ட்ரெதமுக்கு வரவேணும்.”

“வந்து?”

“மா அவிக்கத் தெரியுமோ, தம்பி?”

யனுஷன் தன் கைகளைப் பார்த்தான். “அக்கா, எனக்கு ஞாயிறு காலமை ஜிம் இருக்கு. அந்தப் பகுதியை மட்டும் அண்ணை வைச்சிருக்கட்டுமே?”

“நான் அரைச் சட்டி சமைக்கிறேல்லை.”

வேறு யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். வேறு யாரும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேஸ்போலிலும் இதுதான் நடக்குமாம். சில ஒப்பந்தங்கள் அவ்வளவு பாரமானவை. ஆளைச் சும்மா தந்தாலும் வேண்டாம் என்று எல்லா அணிகளும் விலகிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆள் இருந்த இடத்திலேயே இருந்து வயதாவான். பாலேந்திரா போட்டியின்றித் தெரிவானார். பாடமாக்கிய நாலு வசனத்தையும் விழுங்கிவிட்டு, “கழகம் விரும்பினால் நான் தட்டேலாது” என்று மட்டும் சொன்னார். முகம் அரிய தியாகம் செய்கிறவருடைய முகம்போல இருந்தது. காதுமடல் வரை சந்தோஷம் ஏறியிருந்ததை யாரும் கவனிக்காதிருக்கவேண்டும் என்று நினைத்தார். எல்லோரும் கவனித்தார்கள்.

வீட்டில் அருள்நாயகி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“என்ன, விட்டுட்டினமோ?”

“இல்லை. திரும்பவும் மனேஜர்.”

“நல்லது” என்றார் அருள்நாயகி. “குசினிக்குள்ள ரெண்டு சட்டி ஊறப்போட்டிருக்கு, மனேஜர்.”

பாலேந்திரா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.