கொடிக்காலில் படித்த கடற்போர்

என் கணவர் வேலை பார்த்த சரக்குக் கப்பல் மூழ்கிவிட்டது, ஆளைக் காணவில்லை என்று செய்தி வந்தபோது ஜப்பானோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டார் வேறு யாரும் கடலைப் பார்த்ததில்லை.

நான் அழவில்லை. சோறாக்கினேன், எருமைக்குத் தண்ணீர் காட்டினேன். உறவுக்காரர்கள் கருமாதிப் பேச்சை எடுத்தபோது மாமனார், "காணோம்னுதானுங்க சொல்லிருக்கறாங்க. செத்துட்டான்னு எவஞ் சொன்னான்?" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். தாலி என் கழுத்திலேயே இருந்தது.

மாமனாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் ஒருநாள் வாசகசாலைக்குப் போய் ஒரு புத்தகத்தோடு வந்தார்.

"கப்பல் சண்டைப் புஸ்தகமாம், அம்மிணி. படி, கேக்கறேன்."

முப்பத்தைந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானும் ருஷ்யாவும் சுஷிமா ஜலசந்தியில் மோதிய கதை. ஜப்பான் சத்துருவாகிவிட்டதால் அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்திருந்தார்களாம். கொடிக்காலில் அகத்தி நிழலில் உட்கார்ந்து அவர் வெற்றிலை அடுக்குவார், நான் வாசிப்பேன். ருஷ்யக் கப்பல்கள் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வந்தன, வந்த வேகத்தில் மூழ்கின. தளபதிகளின் வீரம் பக்கம் பக்கமாக இருந்தது. என் குரல் எனக்கே யாரோ படிப்பது போலக் கேட்டது.

"இதுல கரி அள்ளறவங்க இல்லீங்களா?" என்று ஒருமுறை மாமனார் கேட்டார். புத்தகத்திடமே மரியாதையாகக் கேட்பது போலிருந்தது.

"இல்லீங்க, மாமா."

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே போரைப் பற்றி இன்னொன்று வாங்கிவந்தார். அதிலும் பீரங்கியும் கொடியும்தான். இரண்டிலும் மூழ்கிய கப்பல்களின் கணக்கு ஒத்துவரவில்லை. எது சரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மூன்றாவது புத்தகம் தடிமனானது. அதன் நடுவில், ஒரு கப்பல் கவிழ்ந்ததைச் சொல்லும் இடத்தில், அடித்தட்டு ஆட்களைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. குண்டு விழுந்ததும் தண்ணீர் புகாமலிருக்க இரும்புக் கதவுகளை மேலிருந்து அடைத்துவிட்டார்கள். கீழே இருந்தவர்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கப்பல் புரண்டபோது அவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை.

வாசித்து நிறுத்தினேன். மாமனாரின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது.

"மறுக்கா படி, சாமி."

மறுபடியும் படித்தேன். குரல் தடுமாறவில்லை.

அவர் எழுந்து வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்தார். என்னைப் பார்க்காமல், "செய்யறதச் செஞ்சரலாம், அம்மிணி" என்றார்.

"செரிங்க, மாமா."

அதனால் எனக்கு என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அந்த வாரமே காவிரிக்கரையில் கருமாதி நடந்தது. பெண்கள் என் தாலியைக் கழற்றி, வெள்ளைச் சீலை போட்டார்கள். எல்லோரும் ஓங்கி அழுதார்கள். மாமனாரும் அழுதார். ஆற்றுத்தண்ணீர் குளிர்ந்திருந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் அவர் வாசிக்கச் சொல்லவில்லை. புத்தகத்தில் மீதியிருந்த பக்கங்களை நான் தனியாகப் படித்தேன். ருஷ்யர்கள் வெள்ளைக்கொடி ஏற்றினார்கள், சமாதானம் பேசினார்கள், பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அடுப்பில் உலை வைக்கப் போனேன்.