பகல் தூக்கத்துக்கு வைத்த லெவல்

1. செட்டோடு வந்த நர்ஸ்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்யும் கடையில் பல வருடம் சால்டரிங் வேலை பார்த்தேன். முதலாளி தணிகாசலம் முன்னால் உட்கார்ந்து கஸ்டமரிடம் பேசுவார். நான் அலமாரிக்குப் பின்னால் இருப்பேன். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதோடு ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். பின்னால் உட்கார்ந்துவிட்டால் ஈயம் உருகிப் பளபளப்பதையும், புகை வளைந்து வளைந்து ஜன்னலைத் தேடிப் போவதையும் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் படிப்பதற்காக ஒரே ஒரு செட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அன்றைக்குக் கடை திறந்த உடனே ஒரு பெண் வந்தாள். போர்வையில் சுற்றிய ஒரு ஆம்ப்ளிஃபயரைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள். கண் சிவந்திருந்தது. நாங்கள் செய்து கொடுத்த செட்தான்.

"இத நீங்களே வெச்சிக்குங்கண்ணா. வித்தாலும் சரி, ஒடச்சாலும் சரி. என் வூட்டுக்கு வேணாம்" என்றாள்.

செட்டில் என்ன கம்ப்ளைன்ட் என்று முதலாளி கேட்டார்.

"செட்டு நல்லாத்தான் இருக்குது. நான்தான் நல்லா இல்ல."

அவள் பெயர் சுமதி. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். வீடு அடி அண்ணாமலையில். காலையில் போய்ப் படுத்தால் சாயங்காலம் எழுந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஏழுமலை வேன் ஓட்டுகிறவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் கவிழ்ந்து காலில் பிளேட் வைத்து, சில மாதமாகக் கட்டிலோடு கிடக்கிறார். டிவி, பென் டிரைவ், எஃப்.எம். மூன்றின் சத்தமும் அந்த ஒரு செட்டில்தான். பகல் முழுக்க அவருக்கு அதுதான் துணை.

அந்த மாடலில் ரிமோட்டால் சோர்ஸை, அதாவது டிவியா பென் டிரைவா எஃப்.எம்.மா என்பதை, மாற்றலாம். வால்யூமை மட்டும் கையால் திருக வேண்டும். டிவி சத்தம் கம்மியாக வருகிறது என்று வால்யூமை ஏற்றி வைத்துக்கொள்வார். போரடித்தால் படுத்தபடியே ரிமோட்டில் பென் டிரைவுக்கு மாற்றுவார். பாட்டு கூரைமேல் கல் விழுந்தது போல அடிக்கும். அவர் கட்டையை ஊன்றி எழுந்து போய்க் குறைப்பதற்குள் பக்கத்து அறையில் இவள் தூக்கிவாரிப்போட்டு உட்கார்ந்திருப்பாள். அப்புறம் தூக்கம் வராது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலை இறக்கினாள்.

"நேத்து டூட்டியில ஊசிய கையில வெச்சிக்கினே தூங்கிட்டேன்ணா. நின்ன வாக்குல. பக்கத்து சிஸ்டர் பாத்து கைய புடிச்சிட்டாங்க. அவங்க பாக்கலன்னா?"

முதலாளி ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காராமலே மேலே சொன்னாள். காலையில் செட்டின் ஒயரைக் கழற்றும்போது ஏழுமலை பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "திட்டியிருந்தா கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள்.

விற்க வேண்டாம், மூன்றின் சத்தமும் ஒரே அளவாக வருகிற மாதிரி லெவல் செய்து தருகிறோம், ஒரு தடவை பார் என்று முதலாளி கெஞ்சி வாங்கி வைத்தார்.

2. பௌர்ணமியில் பார்த்த டெஸ்டிங்

ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு பிரீசெட் போடச் சொன்னார். பிரீசெட் என்பது நகம் அளவுக்கு ஒரு சின்ன வால்யூம். செட்டுக்கு உள்ளே இருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் அந்த ஒரு சோர்ஸ் மட்டும் ஏறும், இறங்கும். ஒரு தடவை மூன்றையும் சமமாக வைத்து மூடிவிட்டால், எதிலிருந்து எதற்கு மாற்றினாலும் வெளி வால்யூமைத் தொடத் தேவையில்லை.

சால்டரிங் முடிந்த அன்றைக்குப் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள். அதற்குள் செட்டை ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டும் என்று அவசரம். சந்து முனையில் கிரிவலக் கூட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. அன்னதான மைக், பஸ் ஹாரன், தண்ணீர் பாட்டில் விற்கிறவர்கள், எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். நான் திருகினேன். முதலாளி வாசலில் நின்று கேட்டு, ஏற்று, இறக்கு என்று கை காட்டினார். அந்த இரைச்சலில் டிவி நியூஸின் பேச்சு காதில் விழவே இல்லை. ஏற்றினோம். பாட்டின் மேளம் கம்மியாக வைத்தாலும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. இறக்கினோம். கடைசியில் இரண்டும் எங்களுக்குச் சமமாகக் கேட்டது.

மறுநாள் ஏழுமலை போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். பெண்டாட்டி தூக்கத்தைக் கெடுக்கப் பயந்தோ என்னவோ, கிசுகிசுவென்றுதான் பேசினார்.

"அண்ணே, முன்ன பாட்டு அடிச்சிது. இப்ப பாட்டு சாது ஆயிடுச்சி. நியூஸ் படிக்கிறவரு வூட்டுக்குள்ள பூந்து கத்துறாரு."

முதலாளி சிரித்துவிட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. சுமதி எழுந்துவிட்டாளாம். பழைய சாமான்காரன் இந்த வாரம் தெருவில் வருவான், போட்டுவிடப் போகிறேன் என்கிறாளாம்.

முதலாளிக்குச் சட்டென்று புரிந்தது. "ஊரு சத்தத்துல நின்னுக்கினு லெவல் வெச்சிட்டோம் பச்சையம்மாக்கா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இதோ நானே கிளம்பி வருகிறேன் என்று போனில் சொன்னார். அதற்குள் போன் சுமதி கைக்குப் போயிருந்தது.

"நீங்க வராதீங்கண்ணா. நீங்க பேசினாலே நான் முழிச்சிக்குவேன். பின்னால ஒரு அக்கா சத்தமில்லாம இருந்தாங்களே, அவங்கள அனுப்புங்க."

3. திரைக்கு இந்தப் பக்கம்

கஸ்டமர் வீட்டுக்கு நான் அதுவரை போனதே இல்லை. ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். டவுனில் நிமிர்ந்து நிற்கிற மலை, அடி அண்ணாமலைப் பக்கம் போனால் ஒருக்களித்துப் படுத்தது போல இருக்கும். பௌர்ணமிக் கூட்டம் கலைந்த தெருவில் வேர்க்கடலை காய்ந்தது. கோழி மண்ணைக் கிளறும் சத்தம்கூடக் கேட்டது.

சுமதி கதவைத் திறந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான் படுக்கப் போறேங்க்கா. நீங்க வேலைய பாருங்க. நான் முழிச்சிக்கலன்னா செட்டு இங்கயே இருக்கட்டும். முழிச்சிக்கினா, போகும்போது நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க."

அறைக்குக் கதவு இல்லை. ஒரு திரைதான். அதை இழுத்துவிட்டுப் போனாள்.

கட்டிலில் ஏழுமலை. அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். அவள் மூச்சு சீராகிற வரைக்கும் இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு செட்டின் மேல் மூடியைக் கழற்றினேன்.

வழக்கமாக எவ்வளவு வால்யூம் வைப்பீர்கள் என்று சைகையில் கேட்டேன். காட்டினார். அதை அப்படியே வைத்துவிட்டு முதலில் டிவி. பேசுகிறவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுவது போல வருகிற வரைக்கும் இறக்கினேன். அடுத்தது பென் டிரைவ். மேளத்தை விட்டுவிட்டுப் பாடுகிற குரலை மட்டும் கேட்டேன். அந்தக் குரலும் அதே ஸ்டூலில் வந்து உட்கார வேண்டும். ஏழுமலை விரலைத் தூக்கினால் ஏற்றினேன், மடக்கினால் இறக்கினேன். எஃப்.எம்.முக்கும் அதேதான்.

பிறகு ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். அமுக்கத் தயங்கினார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். நியூஸ் நின்று பாட்டு வந்தது. வாசற்படியே இல்லாமல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்தது போல இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மூச்சை அடக்கினோம். அவள் புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே மூச்சு.

ஏழுமலை மறுபடி அமுக்கினார். எஃப்.எம்., டிவி, பாட்டு. மூன்றும் ஒரே கால்வாயில் ஓடும் தண்ணீர் போலப் போனது. நான் மூடியைப் பொருத்திவிட்டு, எதற்கும் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் மலை. காய்கிற கடலை வாசனை. யாரோ தூரத்தில் பாடினார்கள், அப்புறம் யாரோ மழையைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் அதுவும் பாட்டாகவே இருந்தது. மலை கொஞ்சம் அசைந்தது போலத் தெரிந்தது.

"எழுந்திருங்கக்கா."

சுமதி டீ டம்ளரோடு நின்றிருந்தாள். தலை வாரி, டூட்டிக்குக் கிளம்பியிருந்தாள். வெயில் சாய்ந்து மலைமேல் மஞ்சளாக விழுந்திருந்தது.

"என்ன எழுப்பாம வேலைய முடிக்க சொன்னேன். இப்ப உங்கள எழுப்ப நான் வர வேண்டியதா போச்சி."

கட்டிலில் ஏழுமலை வாயைப் பொத்திச் சிரித்தார். டிவியில் சமையல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கத்தில் டீ இறங்கவில்லை. முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அது இருந்த இடத்தில் இருந்தது.

அதன் பிறகு வீட்டு செட்டுக்கு நாங்கள் கடையில் லெவல் வைப்பதை விட்டுவிட்டோம். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களே, கஸ்டமரோடு பேசக் கூச்சமாக இருந்தால் இருக்கட்டும். வீட்டில் யார், எந்த நேரத்தில் தூங்குவார்கள் என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்குப் போய் பிரீசெட்டைத் திருகுங்கள். உங்களுக்கும் கண் சொக்கினால், அதற்குமேல் திருக வேண்டாம்.