சட்டியிலிருந்து எடுத்த ஜெபத்துண்டு

ஆண்டவருடைய அன்பில் என்னோடு கூட நடக்கிறவர்களே, இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அழுகை எனக்கு நின்று போயிருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்முனையில் எங்கள் வீடு. பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் என் கணவரும்தான். அம்மா இறந்த பிறகு நான் ஊழியத்துக்குள் போய் விழுந்தேன். திங்கள் வைத்தியசாலை வாட்டில் ஜெபம், செவ்வாய் வீடு சந்திப்பு, புதன் பெண்கள் கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி கோமாரிக்கு பஸ் ஏறிப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம். அவருக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஓடுவேன். எல்லாரும் மெச்சினார்கள். எனக்கோ உள்ளே ஒன்றுமில்லை. சபையில் வாயைத் திறந்தால் ஜெபம் தண்ணீராக ஓடும். வீட்டில் தனியாக முழங்காலில் நின்று எத்தனை மாதமோ, ஞாபகமில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஜெபக் குறிப்பைத் துண்டில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடலாம். பெயர் எழுதத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை நான் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பேன். கூட்டம் முடிய, யார் எழுதியது என்று ஆராயாமல், துண்டுகளைப் பின்வளவில் மண்சட்டியில் போட்டு எரித்துவிட வேண்டும்.

போன வருடம் லெந்து தபசு நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு துண்டில் இப்படி இருந்தது: “காலில் புண். மனைவிக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைக்க ஜெபியுங்கோ.” நான் குரலை உயர்த்தி, “ஆண்டவரே, அந்த மனைவியின் கண்களைத் திறந்தருளும், அவளுடைய கல்நெஞ்சை உடைத்தருளும்” என்று உருக்கமாக ஜெபித்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அந்தப் பெண்ணை நினைத்து எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

சட்டியில் நெருப்பு வைத்த பிறகுதான் ஒரு துண்டு சுருண்டு திரும்பியது. கிளினிக் கொப்பியிலிருந்து கிழித்த தாள். பின்பக்கத்தில் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற குளிசைகளின் பெயர்கள். மேலே என் கணவரின் பெயர். கையை விட்டு எடுத்தேன். விரல் சுட்டது. முன்பக்கத்தைப் புரட்டினால், “காலில் புண்.” முப்பது வருடமாகப் பார்த்த கையெழுத்து அது. சற்று முன்னர்தான் எல்லாருக்கும் கேட்க வாசித்திருந்தேன், அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு பரீதா ராத்தா வேலியருகில் நின்றா.

“ராத்தா, இவர்ர கால் என்ன மாதிரி?”

“ரெண்டு கிழமையா நொண்டி நொண்டித்தானே நடக்கார்? உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்ச.”

உள்ளே போய் அவரிடம் கேட்டேன். வேலிக் கம்பி குத்திய இடம். அவருக்கு வலிக்கவேயில்லையாம். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. ராத்தாதான் ஆட்டோவைக் கூப்பிட்டு எங்களை ஏற்றிவிட்டா.

“சீனி கூடினா காலுக்கு உணர்ச்சி போயிரும். அதுதான் தெரியல்ல” என்றார் டொக்டர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், மூன்று நாள் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். அவருக்குக் கால் மரத்திருந்தது, எனக்கு மனசு. கெட்டுப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நான் வேதத்தோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஜெபித்த அதே வைத்தியசாலை. இப்போது ஒரே கட்டிலருகில் இருந்தேன். ஜெபிக்கப் பார்த்தேன். ஓடிய தண்ணீர் எங்கே போனதோ, ஒரு வார்த்தையும் வரவில்லை. “ஆண்டவரே” என்பது மட்டும் வந்தது. அவருடைய மற்றக் காலைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாம் நாள் அவர் கேட்டார், “இண்டைக்குக் கோமாரியில வேதபாடம் இல்லையா?”

“இரிக்கு. நான் போகல்ல.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இஞ்சதான்.”

“அப்ப என்ர ஜெபத்தை ஆண்டவர் கேட்டிட்டார்” என்றார்.

அவர் காலுக்காக ஜெபிக்கக் கேட்கவில்லை, சகோதரர்களே. நேரத்துக்காகத்தான் கேட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் டொக்டர் இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார். கால் தப்பியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஊழியத்தை நான் விடவில்லை. திங்களும் வெள்ளியும் மட்டும் வைத்துக்கொண்டேன்; மற்றதை வேறு சகோதரிகள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். காலையில் அவருடைய காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்த பிறகு இரண்டு பேரும் ஜெபிக்கிறோம். சில நாள் மனசு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அதையும் அப்படியே அவருக்கு முன்னாலேயே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களுக்காக ஓடி ஓடி உள்ளே காய்ந்து போனவர்கள் யாரும் இதை வாசித்தால், பயப்படாமல் ஆண்டவரை நம்புங்கள். நாம் கவனமில்லாமல் வாசித்துவிட்டுப் போனதையும் அவர் கவனமாகக் கேட்கிறார். வெள்ளிக்கிழமைகளில் துண்டுகளை இன்றும் நான்தான் வாசிக்கிறேன், மெதுவாக. ஆனால் வீட்டைவிட்டு வெளிக்கிட முதல் என் கணவரிடம் போய் நிற்பேன்.

“ஏதும் சொல்ல இரிக்கா?”

“ஓம், இரி” என்பார். இருப்பேன்.